சீப்பு மாதிரி வந்த மரம்

முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு டைரக்டர் என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா, ஓணான் வம்சம் படிச்ச பொண்ணுக்கு மாட்டு ரோக லேபுல இன்னா வேல?" என்றார். தெலுங்குக்காரர். நான் நகரிப் பெண் என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்துத் தமிழிலேயே கேட்டார்.

"ஓணானுக்கும் டிஎன்ஏதான் சார், மாட்டுக் கிருமிக்கும் டிஎன்ஏதான்" என்றேன். வாய்த்துடுக்கு எனக்கு அன்றைக்கே உண்டு. அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து திருப்பதி லேபில் எனக்குப் பேர் ஓணான் மேடம். ரிட்டயர்மென்ட் விழாவில்கூட மைக்கில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு உயிரின் டிஎன்ஏ எழுத்து வரிசையையும் படித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, யாருக்கு யார் பங்காளி, எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்று மரம் போடுவது. கிருமி தன்னைத்தானே காப்பி எடுக்கும்போது இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்துப் பிழை விழும். அந்தப் பிழைதான் எங்களுக்குச் சோறு. பிழை இருந்தால்தான் யார் முன்னே, யார் பின்னே என்று சொல்ல முடியும். பிழையே விழவில்லை என்றால், எத்தனை கோடி ரூபாய் மெஷின் வைத்திருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஐஸ் பெட்டியோடு வந்த ஆள்

மாடுகளுக்குக் கட்டி நோய் பரவிய மழைக்காலம் அது. உடம்பெல்லாம் கட்டி கிளம்பும், கால் வீங்கும், மாடு தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். கட்டி உடைந்தால் புழு வைத்துவிடும். சித்தூர் பக்கம் பாலை நம்பித்தான் பாதி வீடுகளில் அடுப்பு எரிகிறது. அந்த வீடுகளின் வாசலில் பிளீச்சிங் பவுடர் வாடையும் சீழ் வாடையும் சேர்ந்து அடித்ததை இன்னும் மூக்கு மறக்கவில்லை.

பாகாலாவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, கட்டியின் பொருக்குகளை டியூபில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். பெயர் முனிரத்தினம். நாற்பது வயசிருக்கும். கால்நடை ஆபீசில் தினக்கூலிக்கு மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். தன் சொந்த ஊருக்குத் தானே ஊசி போட்டிருக்கிறார். போட்ட அதே வாரத்தில் மாடுகள் வரிசையாகப் படுத்துவிட்டன.

பெட்டியைக் கொடுத்த பிறகும் அவர் போகவில்லை.

"மேடம், ஊர்ல என்ன மாடு கொன்னவன்னு சொல்றாங்க. என் பொண்டாட்டி எட்த்துக்கினு போற பால சென்டர்ல ஊத்திக்க மாட்டேன்றாங்க. ஆபீஸ்ல, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வராதன்னுட்டாங்க. ஊசியாலதான் நோவு வந்திச்சா இல்லியான்னு நீங்கதான் சொல்லணும்."

"ஜுரம் இருக்கிற மாட்டுக்குப் போட்டீங்களா?"

"சுட்டா போடமாட்டேன் மேடம். உள்ள ஊறிக்கினு இருக்கிற நோவு என் கைக்கு எப்பிடித் தெரியும்?"

"நீடில் மாத்தினீங்களா?"

அவர் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். "ஆபீஸ்ல குட்த்தது பத்தல. கேட்டேன் மேடம். அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னாரு டாக்டரு. ஒவ்வொரு வாட்டியும் ஸ்பிரிட் பஞ்சுல தொடச்சித் தொடச்சித்தான் போட்டேன்."

இந்த 'அட்ஜஸ்ட்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பான், வெயிலில் நின்று அட்ஜஸ்ட் பண்ணுகிறவன் இன்னொருத்தனாக இருப்பான். அன்றைக்கு அதை அவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்? டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

மரம்

அந்தச் சமயத்தில் மாட்டுக்குப் போட்ட தடுப்பூசியில் இருந்தது ஆட்டு அம்மைக் கிருமி. கட்டி நோய்க் கிருமிக்கு அது பங்காளி முறை, ஆனால் வேறு கிளை. ஆகவே முதல் கேள்வி சுலபம். செத்த மாடுகளின் பொருக்கில் இருப்பது ஊசியில் இருந்த கிருமியா, வெளியிலிருந்து வந்த கிருமியா?

மரம் போட்டோம். எல்லா சாம்பிளும் கட்டி நோய்க் கிருமியின் பக்கம் போய் விழுந்தன. ஆட்டு அம்மை தனியாக, தூரமாக நின்றது. கிளைப் பிரிவில் சந்தேகத்துக்கே இடமில்லை. தடுப்பு மருந்து யாரையும் கொல்லவில்லை. நோய் ஏற்கெனவே ஊருக்குள் நுழைந்திருந்தது, ஊசி போட்ட நேரமும் அது வெளியே தெரிந்த நேரமும் ஒன்றாகிவிட்டது. எனக்கு அப்படியொரு நிம்மதி. அந்த மனுஷனுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் அவர் அழுதது கேட்டது.

ரெண்டாவது கேள்விதான் எங்களை மென்றது. ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு எது சுமந்துகொண்டு போனது? ஈயா, கொசுவா, உண்ணியா, மாற்றாத நீடிலா? அவர் ஊசி போட்டுக்கொண்டு போன வரிசையிலேயே கிருமியும் கிளை பிரிந்திருந்தால் நீடில் என்று சந்தேகப்படலாம். வரிசை வேறாக இருந்தால் அவர் தப்பித்தார். முழு ஜீனோமையும் படித்தோம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எல்லா மாட்டிலும் ஒன்றே. மரம் சீப்பு மாதிரி வந்தது. ஒரே தண்டு, அதிலிருந்து பல் பல்லாகச் சமமான கோடுகள்.

"திரும்ப ரன் பண்ணலாமா மேடம்?" என்றாள் என் ஸ்டூடன்ட்.

பண்ணினோம். அதே சீப்பு. இந்தக் கிருமி மெதுவாகத்தான் மாறும். சில வாரத்தில் ஓர் ஊருக்குள் பிழை விழ அதற்கு அவகாசமே இல்லை. பிழை இல்லாமல், எந்த மாட்டிலிருந்து எந்த மாட்டுக்குப் போனது என்று சொல்ல வழியில்லை.

ரிசல்ட்டை ஊர் ஜனங்களுக்கு நேரில் சொல்லக் கூட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு முதல் நாள் முனிரத்தினம் போன் செய்தார். "மேடம், நீடில் பத்தி யாரனா கேட்டா, அதால இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமா போவும்."

"தெரிஞ்சாத்தான் சொல்லுவேன் முனிரத்தினம். தெரியாதத எப்படிச் சொல்றது?"

"சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

பால் சென்டர் கூட்டம்

பால் சென்டர் ஷெட்டில் கூடினார்கள். முக்கால்வாசி பெண்கள். மாடு அவர்களுடையதுதானே, கறப்பதும் சாணி அள்ளுவதும் அவர்கள்தானே. அந்த 'அட்ஜஸ்ட்' சொன்ன கால்நடை டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் வெளியே தன் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை.

மருந்தில் இருந்த கிருமி வேறு, மாட்டைக் கொன்ற கிருமி வேறு என்று படம் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள். கஸ்தூரி என்ற அம்மா எழுந்தாள். கறந்துகொண்டிருந்த இரண்டு மாட்டில் ஒன்றைப் பறிகொடுத்தவள். அந்தப் பாலை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க அனுப்பியிருந்தாள்.

"சரிம்மா, மருந்துல கிருமி இல்ல, ஒத்துக்கினேன். ஒரே ஊசிய மாடு மாடா குத்திக்கினு வந்தானே, அதுல ஏறி வந்திருக்குமா, வராதா?"

"ஈயால வரும், கொசுவால வரும், உண்ணியால வரும். நீடிலாலயும் வரலாம்."

"எங்க ஊர்ல எதால வந்திச்சி?"

"தெரியாதும்மா."

சீப்பு, பல், எழுத்துப் பிழை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை. "இத்தினி படிச்சவங்களுக்கே தெரியாதாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கஸ்தூரி என்னை முறைத்துப் பார்த்தாள். "தெரியாதுன்னா இன்னா அர்த்தம்? ஆமான்னுதானே அர்த்தம்?"

"நீடில் பத்தாம அனுப்பினது ஆபீஸ். அத டாக்டர்கிட்ட கேளுங்க" என்று எனக்கும் குரல் ஏறிவிட்டது. டாக்டர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆபீஸ் எங்கேயோ டவுனில் இருக்கிறது, முனிரத்தினம் வாசலிலேயே நிற்கிறார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

நான் கிளம்பியபோது, புது சாம்பிள் எடுக்கக் கொண்டுபோயிருந்த ஐஸ் பெட்டியை முனிரத்தினம்தான் தூக்கி ஜீப்பில் வைத்தார்.

ரேணிகுண்டா கேட்

அந்த மாசமே அவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். அடுத்த மழைக்கு ஊசி போட வெளியூர் ஆட்கள் போனபோது, ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. புதிதாக வாங்கின மாடுகளுக்கும் கன்றுகளுக்கும் கட்டி நோய் வந்தது. போன மாட்டுக்குப் பதிலாகக் கடன் உடன் வாங்கிக் கட்டியிருந்த மாடும் கஸ்தூரிக்குப் போயிற்று. அவளே எனக்குப் போன் செய்தாள். "அந்த முனிரத்தினத்த வரச் சொல்லுங்கம்மா. அவன்னா எங்க ஜனம் மாட்ட புடிச்சிக் குட்க்கும். நான் வயித்தெரிச்சல்ல பேசிட்டேன்."

விசாரித்துக்கொண்டு போனேன். ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார். நீலச் சட்டை அவருக்குத் தொளதொளவென்று தொங்கியது. அவசரமாக எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கி வந்தார். கஸ்தூரி கூப்பிட்டதைச் சொன்னேன்.

"வேணா மேடம்."

"ஊர்ல இப்ப யாரும் உங்களைத் தப்பா நினைக்கல முனிரத்தினம்."

"அவங்க மறந்துட்டாங்க மேடம்." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அன்னிக்கித் தெரியாதுன்னீங்களே, இப்பனா தெரிஞ்சிச்சா?"

புது மெஷின் வந்ததும் அதே சாம்பிள்களை மறுபடி ஓட்டிப் பார்த்ததைச் சொன்னேன். அதே சீப்புதான் என்றேன்.

"ஊருக்குச் சொல்றதுக்காக நான் கேக்கல மேடம். அன்னிக்கும் அதுக்காக மட்டும் கேக்கல. எனக்குத் தெரியணும். என் கையால செத்துச்சிங்களா, இல்லியா? சோறு துன்ன கைய வச்சா அதான் ஞாபகம் வருது. சிரிஞ்ச எட்த்தா திரும்பக் கீழ வச்சிட்றேன்."

அவர் கேட்டது தனக்காக என்று என் புத்திக்கு அதுவரை எட்டவேயில்லை. ஊர் வாயை அடைக்க ஒரு பொய் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன். அந்த இடத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இன்றைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன், அது எனக்கு வராது. பிள்ளைகளே, உங்கள் மரமும் ஒருநாள் சீப்பாக வரும். ஆராய்ச்சிப் பேப்பரில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். பதிலுக்காகக் காத்திருக்கிற ஆள் யார் என்று கேளுங்கள். கூட்டத்தில் சொல்வதற்கு முன்னால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

எழுந்திருக்கும்போது என்னால் ஆனதைச் சொன்னேன். "முனிரத்தினம், தெரியாதுன்னா ஆமான்னு அர்த்தம் இல்ல."

"இல்லன்னும் அர்த்தம் இல்லியே மேடம்" என்றார். லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போனார்.