தம்பிக்கு விட்ட நாற்காலி

பார்சல் ஆபீஸில் பதினோரு வருடம் புக்கிங் எழுதியவள் அவள். எந்தப் பாலத்தில் லோடு இடிக்கும், எந்தக் குடோனில் மதியத்துக்கு மேல் சரக்கு இறக்க ஆள் கிடைக்காது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். முதலாளி அவளைக் கேட்டுத்தான் வண்டி அனுப்புவார். சம்பளம் உயர்த்தும்போது மட்டும் அவள் இருப்பது அவருக்கு மறந்துபோகும். முப்பத்து நான்கு வயதில் வேலையை விட்டு, ஒரு பழைய லாரி வாங்கினாள்.

லோடு ஏற்றும் இடத்தில் அவள் வண்டியைக் கடைசியில் தள்ளினார்கள். தார்ப்பாய் கட்ட ஆள் வரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே மேலே ஏறிக் கட்டினாள். எல்லா முதலாளிகளிடமும் சண்டை போட்டு வெளியே வந்திருந்த, மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் ஒருவர்தான் துணிந்து வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் மூன்று வண்டிகள் ஆயின.

அப்போதுதான் டைல்ஸ் கம்பெனி ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டது. மேனேஜர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"நான்தாங்க வண்டி அனுப்புறது, பேசுறது எல்லாம்."

"சரி, அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

அவளுக்குக் கணவர் இல்லை, கல்யாணமே நடக்கவில்லை. செல்போன் கடை வைத்து நொடித்துப்போன தம்பி இருந்தான்.

"நீ வாயே திறக்க வேணாம். உட்கார்ந்து தலைய ஆட்டு, போதும்."

"பொம்மை மாதிரியாக்கா?"

"ஆமா. சட்டையாவது நல்லதா போட்டுட்டு வா."

இருவரும் சிரித்துக்கொண்டேதான் போனார்கள். இருந்த ஒரே நாற்காலியை அவனுக்கு விட்டு அவள் நின்றுகொண்டு பேசினாள். ஒப்பந்தம் அவன் பெயரில் எழுதப்பட்டது. பெயரில் என்ன இருக்கிறது, லோடு வந்தால் சரி என்று நினைத்தாள்.

லோடு வந்தது. ஒன்பது வருடத்தில் பதினான்கு லாரிகள். அதற்குள் தம்பி பேசக் கற்றுக்கொண்டான். மேனேஜரோடு டீ குடித்தான். லாரி உரிமையாளர் சங்கத்தில் உறுப்பினர் ஆனான். ஷெட்டில் டயர் எண்ணிக்கொண்டிருந்த அவளுக்கு இதெல்லாம் உதவி என்றே பட்டது.

ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய வருடம் அவன் வந்து சொன்னான்.

"அக்கா, நான் தனியா பண்ணிக்கலாம்னு இருக்கேன். பேப்பர் என் பேர்லதானே இருக்கு."

"அப்ப நான் என்னடா பண்ணட்டும்?"

"இவ்வளவு நாள் கஷ்டப்பட்டியே, கொஞ்சம் ரெஸ்ட் எடேன்."

அவள் நேரே மேனேஜரிடம் போனாள். இந்தத் தடவை நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். "யாரு வேலை பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியாதா மேடம்? ஆனா பேப்பர்ல அவர்தானே இருக்கார்" என்றார். டீயைத் தொடாமல் வந்துவிட்டாள்.

அம்மா தம்பி பக்கம்தான் பேசினாள். "அவன் பிள்ளைகுட்டிக்காரன். ஒண்டிக்கட்டை உனக்கு எதுக்கு இத்தனை வண்டி?" அன்றைக்கு மட்டும்தான் அவள் அழுதாள், அதுவும் ஷெட் கழிப்பறையில், குழாயைத் திறந்துவிட்டு.

டிரைவர்களில் பாதிப்பேர் தம்பியிடம் போனார்கள். லோடு இல்லாமல் பத்து வண்டிகளை விற்றாள். நான்கு வண்டிகளும், மொட்டையோடு சேர்த்து நான்கு டிரைவர்களும்தான் மிச்சம். மறுபடியும் கடை கடையாக ஏறி இறங்கிச் சின்னச் சின்ன லோடு பிடித்தாள். டிரைவர்களுக்குச் சம்பளம் கொடுக்குமளவுக்கு வந்தது.

போன மாதம் தம்பி ஆபீஸிலிருந்து ஒரு கிளார்க் போன் செய்தான். டைல்ஸ் அவசரமாகப் போக வேண்டும், இரண்டு வண்டி வாடகைக்கு வேண்டும் என்றான். தம்பி பேசவில்லை.

"வேணாங்கக்கா" என்றார் மொட்டை.

"ரெண்டு வண்டி நாலு நாளா சும்மா நிக்குது. அனுப்புங்க."

டைல்ஸ் கம்பெனிக்குள் நுழைய, வண்டிக் கதவில் தம்பியின் கம்பெனி ஸ்டிக்கர் இருக்க வேண்டுமாம். கிளார்க் கொடுத்தனுப்பியதை மொட்டை வேண்டா வெறுப்பாக ஒட்டினார், கோணலாகப் போய்விட்டது. அவள் அதை மெதுவாக உரித்தாள். துணியால் கதவைத் துடைத்து, நேராக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"கோணலா இருந்தா கேட்ல நிறுத்திருவாங்க" என்றாள். மொட்டை வண்டியை எடுத்தார்.