ஒன்பதடி அறை

கல்யாணமான புதிதில் வீட்டை மாற்றியமைக்க யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது. என் திட்டத்தில் ஜன்னல் திரை கிடையாது, கண்ணாடி அலமாரி கிடையாது. படுக்கையறையில் ஒரு பொய்ச்சுவர். அதற்குப் பின்னால் நான். அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாசாருக்கு மீன் வாங்கப் போனவனையும் பிடித்தார்கள், மாடு தேடிப் போனவனையும் பிடித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. நான் கட்டட வரைபடம் வரைகிறவன். வெள்ளைக்காரன் ஓடியதோடு என் வேலையும் ஓடிப்போயிற்று. ஆனால் இரண்டு கையும் இரண்டு காலும் மிச்சமிருந்தன. சயாமுக்கு அதற்குமேல் தகுதி தேவையில்லை. ஆகவே, புக்கிட் காதில் ஊருக்குப் போகிற வழியில் என்னைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாக என் மனைவியும் மாமியாரும் அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதுவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து காஜா பேராங்கில் எங்கள் வாடகைப் பலகை வீட்டுக்குள் நான் கைதி.

தலையணைக்குள் இருமினேன். ஜன்னல் பக்கம் நிமிர்ந்து நடக்கக் கூடாது என்பதால் தவழ்ந்தேன். "கல்யாணமாகி ஒரு வருசத்துல இந்த வீட்டுல வேற யாரோ தவழுவாங்கன்னு நெனச்சேன்" என்றார் மாமியார்.

தவழ்ந்த நேரம் போக மீதி நேரத்தில் திட்டம் போட்டேன். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த வரைபடத் துணி மூன்று தாள் இருந்தது. இரண்டை வரைந்து கெடுத்தேன். மூன்றாவதை என் மனைவி கஞ்சி போகத் துவைத்து ரவிக்கை தைத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் துணி அவ்வளவு பஞ்சம். கடைசியில் அடுப்புக்கரியால் தரையில் வரைந்தேன். படுக்கையறை பத்தடி நீளம். அடுப்படியை ஒட்டிய பக்கத்தில் ஓரடி விட்டுப் பலகை அடித்தால் இடையில் நான் நிற்கலாம். அரிசிக்குப் பதிலாகத் தின்ற மரவள்ளிக்கிழங்கு என்னை அந்த அளவுக்குத் தயார் செய்திருந்தது.

மாமியார் படத்தைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பத்துல ஒண்ணு போனா ஒம்பது. ஒம்பதடி அறை பீடை, மாப்பிள்ள. ரெண்டடி விட்டு எட்டாக்குங்க."

"ரெண்டடி குறைஞ்சா பளிச்சுன்னு தெரிஞ்சிடும், அத்தை. வர்றவன் ஜப்பான்காரன். மனையடி சாஸ்திரமா படிச்சிட்டு வர்றான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தும் வைத்தேன். படித்தவனல்லவா.

பலகைக்கு எங்கே போவது? மாமியார் வீட்டுச் சீதனமாக வந்த கட்டிலைப் பிரித்தேன். கம்போங் செட்டிக் கோயிலில் சாயங்கால மேளம் கேட்கும்போது மட்டும் ஆணி அடித்தேன். மேளத்துக்கு ஏற்ப அடிக்கத் தெரியாமல் இரண்டு முறை விரலில் அடித்துக்கொண்டேன். புதுப்பலகை தெரியாமலிருக்க அடுப்புப் புகைக்கரியைக் கஞ்சியில் குழைத்துப் பூசினோம். கீழ்ப்பலகை மட்டும் கழலும். அதற்கு முன்னால் காலி அரிசிப் பீப்பாய். நான் வரைந்ததில் கட்டி முடிக்கப்பட்ட முதல் திட்டம் அதுதான்.

பத்து நாள் கழித்து, ஒரு காலையில் வாசலில் பூட்ஸ் சத்தம். உள்ளே புகுந்தேன். பீப்பாய் நகர்ந்து மூடிக்கொண்டது. மூக்கு ஒரு பலகையில், முதுகு மறு பலகையில். மூச்சை முழுதாக இழுத்தால் சுவர் முட்டும்.

சிப்பாய் வாசலில் நின்றுகொண்டான். உள்ளே வந்தது ஒரு தமிழர். குரலைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சண்டைக்கு முன்னால் கொத்தனார்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். என் வரைபடங்களை வைத்துக் கட்டியவர். இப்போது ஆள் பிடித்துக் கொடுக்கிறார். எதிர்ச்சுவரை ஒட்டி நின்றது பலகை இடுக்கில் தெரிந்தது. பிறகு குதிகாலை விரல் நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து என்னை நோக்கி அளந்துகொண்டு வந்தார்.

"ஏழு... எட்டு... ஒம்பது." கடைசிப் பாதம் என் கால்விரலுக்கு நேர் எதிரே நின்றது. "என்ன பெரியம்மா இது? நம்ம ஆளுங்க எவனாச்சும் ஒம்பதடியில அறை போடுவானா? மிச்ச ஓரடி எங்க?"

என் மனைவியின் வளையல் சத்தம்கூட நின்றுபோயிற்று. அப்போது மாமியார் ஓவென்று அழ ஆரம்பித்தார்.

"நல்லாக் கேளுங்க தம்பி! அடுப்படி பத்தலன்னு சுவரைப் பேத்து இந்தப் பக்கம் ஓரடி தள்ளி அடிச்சது எங்க மாப்பிள்ளதான். ஒம்பது ஆகாதுன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டாரா? சிரிச்சாரு! ஒரு ஆணிய நேரா அடிக்கத் தெரியாத மனுசன். மறுவாரமே பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. பீடை சும்மா விடுமா? சம்பாத்தியம் இல்ல, சாமர்த்தியம் இல்ல, சாப்பாடு மட்டும் ரெண்டாளு சாப்பாடு. அதுக்கு என் பொண்ணு தலையெழுத்து..."

ஒத்திகை பார்க்காமல் அவ்வளவு சரளமாக வராது. சாப்பாட்டு விஷயத்தில் மறுத்துச் சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன்; நல்லவேளை, கட்டில் பலகை உதட்டில் இடித்தது.

மேஸ்திரி அவர் பக்கம் திரும்பினார். "அந்தப் படம் வரையிற ஆளா?" என்றார். "அவரு போட்ட படத்த வெச்சுக் கட்டியிருக்கேன். இப்படித்தான் செஞ்சிருப்பாரு. அழாதீங்க. சுவரை இன்னும் ஓரடி தள்ளி எட்டாக்குங்க, ஆள் திரும்பி வந்திடுவாரு. அடுத்த தடவ வரும்போது பார்க்கிறேன்."

அவர்கள் போனதும் தவழ்ந்து வெளியே வந்தேன். மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பேசினதெல்லாம் நடிப்புதானே?"

"எதெது?" என்றார்.

அன்று சாயங்காலம் மேளம் தொடங்கியதும் சுவரைப் பிடுங்கி எட்டடியில் அடித்தேன்.

சொன்னபடியே மேஸ்திரி மறுபடி வந்தார், அளந்தார். "இப்பத்தான் பெரியம்மா இது வீடு" என்று மாமியாரை மெச்சினார். சுவருக்குப் பின்னால் நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமாம், இப்போது உட்கார முடிந்தது. இரண்டடி அறைக்கு சாஸ்திரத்தில் என்ன பலன் என்று மேஸ்திரியிடம் கேட்க வேண்டும்போல இருந்தது.