ஸ்டெப்னி டீச்சர் நடத்திய பாடம்

ஊரில் எந்தப் பள்ளியில் யார் லீவு போட்டாலும் பதிலுக்குப் பாடம் நடத்தக் காலையில் அவருக்குத்தான் போன் வரும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்டெப்னி டீச்சர். வீட்டில் சொன்னபோது, பஸ் ஓட்டும் கணவர், "ஸ்டெப்னி இல்லாத வண்டிய நான் டிப்போவ விட்டே எடுக்க மாட்டேன், தெரியுமா?" என்றார். டீச்சர் சிரித்தார். உள்ளுக்குள் முள்ளாகத்தான் குத்தியது.

பாடம் எங்கே நிற்கிறது என்று சொல்ல எங்கும் ஆளிருக்காது. ஸ்டாஃப் ரூமில் உட்காரப் போனால், "அது தமிழ் சார் இடம்மா" என்பார்கள். வகுப்பில் சத்தம் எழுந்தால் பக்கத்து வகுப்புக் கணக்கு சார் வருவார். டீச்சர் ஒருத்தி நிற்பதையே பார்க்காமல் பிள்ளைகளை அதட்டிவிட்டுப் போவார். அதன்பின் யார் மதிப்பார்கள்?

பிரசவ லீவில் போகவிருந்த கெமிஸ்ட்ரி டீச்சர்தான் இதை மாற்றினார். "அக்கா, நான் லீவுல போறதுக்கு முந்தின வாரமே வந்து என்கூட கிளாஸ்ல உட்காருங்க" என்று கூப்பிட்டார். யாருக்குக் காது மந்தம், யார் பள்ளி அணியின் கோல்கீப்பர், யார் பதில் தெரிந்தும் வாய் திறக்க மாட்டாள் என்று ஒவ்வொரு பிள்ளையையும் காட்டிச் சொன்னார். கிளம்பும் நாளில், "இவங்க சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போறவங்க இல்ல. இனி இவங்கதான் உங்க கெமிஸ்ட்ரி டீச்சர்" என்று எல்லார் முன்னிலையிலும் ஆய்வகச் சாவியைக் கொடுத்தார். அதுவரை எந்தப் பள்ளியும் டீச்சரை நம்பி ஒரு சாவி கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை டீச்சர் பெயர் கேட்டபோது, ஒரு நெட்டையன் எழுந்து ஏமாற்றப் பார்த்து வேறொரு பெயரைச் சொன்னான்.

"அது உன் பக்கத்துல முழிக்கிறானே, அவன் பேரு. நீ கோல்கீப்பர்தானே?"

வகுப்பே சிரித்தது. நெட்டையன் காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தான்.

அந்த வாரம் அமிலமும் காரமும். வீட்டிலிருந்து ஆளுக்கொரு திரவம் கொண்டுவந்தார்கள். எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸ் தாள் சிவந்ததும் எழுந்த கூச்சலில் கணக்கு சார் ஓடி வந்தார். உள்ளே நுழைந்தவர், அன்றுதான் முதன்முறையாக டீச்சரைப் பார்த்துக் கேட்டார்: "ஏதாச்சும் பிரச்சினையா டீச்சர்?"

"இல்ல சார், எலுமிச்சம்பழம்!"

அவர் தன் வகுப்பையும் கூட்டி வந்துவிட்டார். பின்னாலேயே தலைமையாசிரியையும் வந்து நின்றார். வாயே திறக்காத அந்தப் பெண், "மேடம், உங்க தண்ணியச் சோதிக்கலாமா?" என்றாள். அவர் பாட்டிலை நீட்டினார். நீலம் நீலமாகவே இருந்தது, சிவப்பு சிவப்பாகவே.

"எச்.எம். நடுநிலை!" என்று கத்தினாள் அவள். அறை அதிர்ந்தது. முதலில் சிரித்தவர் தலைமையாசிரியைதான்.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை டீச்சரிடம் கேட்டார்: "உங்களுக்கு எங்ககிட்ட என்ன வேணும்? மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

டீச்சர் எழுந்தார். "லீவு போடறவங்க முன்கூட்டியே ஒரு போன் பண்ணி, பாடம் எங்க நிக்குதுன்னு சொல்லுங்க. பசங்க முன்னாடி என்னைத் தாண்டி அதட்டாதீங்க. அப்புறம், உட்கார ஒரு இடம்."

கணக்கு சார் தலை குனிந்தார். ஆனால் முதலில் கைதட்டியவரும் அவரே. அதன்பின் அந்தப் பள்ளியில் பதிலுக்கு வருபவரிடம் பேசாமல் யாரும் லீவில் போனதில்லை.

கெமிஸ்ட்ரி டீச்சர் லீவு முடிந்து திரும்பிய அன்று வகுப்பில் கேள்வி கேட்டுப் பார்த்தார். எந்தக் கேள்விக்கும் எல்லாக் கைகளும் மேலே. அவர் பக்கத்தில் நின்ற ஸ்டெப்னி டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான் இன்னும் கொஞ்ச நாள் லீவுல நிம்மதியா இருந்திருக்கலாம் போலிருக்கே!"