பீச்சாங்கை முடிச்சு

கொரோனா வார்டு பணி முடித்து, திருமயம் வீட்டு மாடியில் தனித்திருந்தேன். அறுவை சிகிச்சை முதலாண்டு மாணவனான எனக்கு வகுப்புகள் செல்போனில்தான். ரத்தக்குழாயைக் கட்டும் முடிச்சைப் பேராசிரியர் திரையில் போட்டுக் காட்டுவார். நான் நாற்காலிக் காலில் நூல் கட்டிப் பழகுவேன்.

சன்னல் வழியே பார்த்த அம்மா, “ஏம்ப்பா, சோத்துக்கை இருக்கையில பீச்சாங்கையால முடியிறே?” என்றார்.

திகைத்துவிட்டேன். திரையில் எதிரே தெரிந்த பேராசிரியரைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து, அவருடைய வலது கை வேலையை என் இடது கைக்குப் பழக்கியிருக்கிறேன்!

வகுப்பில் சொன்னேன். “எங்க, எல்லாரும் போட்டுக் காட்டுங்க” என்றார் பேராசிரியர். பாதிப் பேர் இடது கைதான்.

பிறகு வலது கைக்கும் பழகினேன். ஒருநாள் ஆபரேஷன் தியேட்டரில், ரத்தம் கசிந்த ஆழமான இடத்துக்கு, நான் நின்ற பக்கத்திலிருந்து வலது கை நுழையவில்லை. இடது கை தானாகப் போய் முடிச்சிட்டது. எனக்கே ஆச்சரியம்.

அம்மாவிடம் சொன்னேன். “நல்லதுதான். சோறு மட்டும் அதுல தின்னுறாத” என்றார்.