முடிவு பார்க்காத சித்தி

என் சித்தியைப் பயமுறுத்தப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். பின்னால் போய்த் தும்மினால் போதும். டிக்கெட் கவுன்டர் டிராயரில் நான் போட்டு வைத்த ரப்பர் பல்லிக்கு அவள் போட்ட கூச்சலில், உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டதென்று வெளியே ஓடி வந்தார்கள்.

அதே சித்தி, கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஜனங்களுக்குப் படம் சொல்லும்போது மட்டும் புலி. பெரிய ஹாலில் அடிதடிப் படம் ஓடும். அதற்கு டிக்கெட் கிடைக்காமல் முழிப்பவர்களைப் பின்பக்கத்துச் சின்ன ஹாலுக்கு அனுப்பி வைப்பாள். அங்கே ஓடுவது வாயில் நுழையாத பேருள்ள வெளிநாட்டுப் படம், இல்லையென்றால் யாரோ பெண்டாட்டி நகையை அடகு வைத்து எடுத்த படம்.

"கீழே எழுத்து ஓடுமேம்மா, எனக்குப் படிக்கத் தெரியாதே?"

"அழறவங்க மூஞ்சியைப் பார்க்க எதுக்குங்க படிப்பு? போய் உட்காருங்க."

போவார்கள். மறுவாரம் வந்து, "அடுத்து எதைப் பார்க்கலாம்?" என்று அவளையே கேட்பார்கள்.

ஒரே ஒரு சிக்கல். சித்தி எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. கூட்டம் உள்ளே போனதும் கதவோரம் நின்று பார்ப்பாள். படம் முடிவதற்குள் அடுத்த ஷோவுக்கு கவுன்டரைத் திறக்க ஓடிவிடுவாள். மிச்சக் கதையைத் தானே முடித்துக்கொள்வாள். அவள் முடிக்கிற கதையில் யாரும் சாகமாட்டார்கள்.

அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

"ஒரு பெரியவர் வந்தாருடி. பையன் கப்பல் வேலைக்குப் போனானாம், ரொம்ப நாளாச் சேதியே இல்லையாம். நம்ம படகுப் பட போஸ்டரையே பார்த்துக்கிட்டு நின்னார். 'இந்தப் பையன் கடைசியில வீட்டுக்கு வந்துடுவானாம்மா? வரலைன்னா என்னால தாங்க முடியாது'ன்னார். 'வந்துடுவான், தைரியமாப் போங்க'ன்னு டிக்கெட் கொடுத்தேன். உள்ளதான் உட்கார்ந்திருக்கார்."

அந்தப் படத்தை முந்தின நாள்தான் ஓசியில் முழுசாகப் பார்த்திருந்தேன்.

"சித்தி, அவன் வரமாட்டான். வெறும் படகுதான் கரைக்கு வரும்."

"போடி. பல்லி போட்டவதானே நீ!"

"அம்மா மேல சத்தியமா."

"உன் சத்தியத்தை நாய்கூட மோந்து பார்க்காது."

நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததைப் பார்த்துத்தான் நம்பினாள். கையிலிருந்த சாப்பாட்டு டப்பா கடகடவென்று ஆடியது.

"தாங்க முடியாதுன்னாருடி! உள்ளேயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டா? நேராப் போய் லாரி முன்னாடி நின்னுட்டா?"

தும்மலுக்கே நடுங்குகிறவள், கவுன்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே.

உள்ளே கும்மிருட்டு. திரையில் கடல். அந்த வெளிச்சத்தில் குனிந்து குனிந்து ஒவ்வொரு முகமாகத் தேடினோம். முன்வரிசையில் தனியாக ஒரு தலை, அசையவேயில்லை. மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. சித்தி பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

"எழுந்திரிங்கய்யா, வெளிய போயிடலாம்."

அதற்குள் படகு வந்துவிட்டது. வெறுமையாக.

"ஐயோ!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. கத்தியது சித்தி.

"பயப்படாதீங்கம்மா," என்று பெரியவர் அவள் கையைப் பிடித்தார். "படம்தானே." யார் கை அதிகம் நடுங்கியது என்று சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் கேட்டார். "வந்துடுவான்னு சொன்னீங்களே?"

"எனக்கு எந்தப் படத்துக்கும் முடிவு தெரியாதுங்கய்யா. அதுக்கு முன்னாடியே கவுன்டருக்கு ஓடி வந்துடுவேன்."

பெரியவர் லாரிகள் போகிற ரோட்டையே பார்த்தார். சித்தியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. கத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் அவர் கவுன்டர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஷோவுக்கு ஒரு டிக்கெட் குடுங்க. நீங்க வழக்கமா எப்ப ஓடி வருவீங்களோ, அப்ப நானும் வெளிய வந்துடறேன்."

அந்த ஷோ முழுக்க சித்தி சின்ன ஹால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் கேட்டவர்களையெல்லாம் பேசாமல் அடிதடிக்கு அனுப்பினாள். பின்னால் போய்த் தும்ம எனக்கும் மனசு வரவில்லை. படகு வருகிற நேரம் நெருங்கியது. கதவு திறக்கவில்லை.

"போய்ப் பாருடி," என்றாள்.

நான் எழுந்தபோது கதவு திறந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெரியவர் வந்தார்.

"இன்னும் கடல்லதான் இருக்கான்," என்றார்.

சித்தி என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பயந்து மூடிக்கொண்டாள். மதியத்திலிருந்து தொடாத டப்பாவைத் திறந்து, மூடியில் பாதிச் சாப்பாட்டை எடுத்துவைத்து அவரிடம் நீட்டினாள். மூடி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.