மல்லாட்டைக் கொட்டகையின் இரைச்சல்

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஓர் இரைச்சல் வரும். ஆம்ப்ளிஃபயர் ஸ்விட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து ‘ம்ம்ம்’ என்று, எங்கோ தேன்கூடு கலைந்த மாதிரி கிளம்பும். மச்சான் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நிற்பார். நான் பக்கவாட்டில் மைக் செட்டுக்குப் பின்னால் இருப்பேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார். வலது உள்ளங்கையை மட்டும் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவார். “பொறு மச்சான், இன்னும் அடங்கல” என்பார். உடனே பின்கதவு வழியாக ஓடிப்போய் எர்த் குழியில் ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். குழி ஈரமாக இருந்தால் இரைச்சல் குறையும். குறையுமே தவிர, முழுசாக ஒருநாளும் அடங்கியதில்லை. இப்போது எனக்குப் பாதிக் காது மந்தம். பேரப்பிள்ளைகள் கூப்பிட்டால் கேட்பதில்லை. அந்த இரைச்சல் மட்டும் உள்ளே எங்கோ ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய ஊரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் அந்தக் கொட்டகை இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். லால்பேட்டை பாய் ஒருவர் மல்லாட்டை மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய கிடங்கு அது. கப்பல் வரத்து குறைந்து கிடங்கு காலியானதும், சனிக்கிழமை சாயந்தரங்களில் பாட்டுக் கச்சேரிக்கு விட்டார். சாதாரண மெல்லிசை இல்லை. பாண்டிச்சேரிப் பையன்கள், சிதம்பரத்தில் படிக்கிற வெளியூர் மாணவர்கள் என்று தலைமுடியை வளர்த்துக்கொண்டு வருவார்கள். எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து அடித்தால் தகரக் கூரையே அதிரும். ஊரில் அதற்குக் கத்தல் கச்சேரி என்று பெயர் வைத்திருந்தார்கள். கத்தல் என்று சொன்னவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

பாய் டிக்கெட்டோடு ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை கொடுப்பார். மிச்சம் கிடந்த சரக்கு தீரட்டும் என்று ஆரம்பித்தது, கடைசியில் அதுவே வழக்கமாகிவிட்டது. பாட்டு பிடிக்காவிட்டால் கூட்டம் கூச்சல் போடாது. படக் படக் என்று தோல் உடைத்துத் தின்றுகொண்டே இருக்கும். பிடித்துவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும். மேடையில் இருக்கிறவனுக்குக் கைதட்டல் எல்லாம் அப்புறம்தான். உடைக்கிற சத்தம் எப்போது நிற்கிறது என்றுதான் ஒவ்வொருவனும் காதைத் தீட்டிக்கொண்டு பாடுவான்.

மச்சான் பாட வந்தால் அது சீக்கிரம் நிற்கும். மச்சான் என்றால் என் தங்கச்சி புருஷன். குமராட்சிக்காரர். ஐஸ் கம்பெனியில் வேலைக்கு வந்தவர், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன கிட்டாரை எப்படியோ பிடித்து, ரேடியோ கேட்டுக் கேட்டுத் தானாகவே வாசிக்கப் பழகிக்கொண்டார். இங்கிலீஷ் பாட்டுதான் பாடுவார். ஆனால் இங்கிலீஷ் தெரியாது. ஒருமுறை சிதம்பரத்து மாணவன் ஒருவன், “அண்ணே, நீங்க பாடுனது எந்த ஊரு பாஷை?” என்று கேட்டான். “எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்பா. ஒனக்குத் தெரிஞ்சத நீ போயி பாடு, ஜனங்க எத்தன மல்லாட்ட ஒடைக்கிறாங்கன்னு பாப்போம்” என்றார். அந்தப் பையன் மேடை ஏறினான். நன்றாக உடைத்தார்கள்.

கச்சேரியை நான் கேசட்டில் பிடிப்பேன். அதில் எனக்கு ஒரு முறை உண்டு. நல்ல கேசட்டை முதலிலேயே போட மாட்டேன். டிரையல் கேசட் என்று ஒன்று தனியாக இருக்கும். இரைச்சல் அடங்குகிற வரைக்கும் அதில் ஓடவிட்டு, மெஷின் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பாட்டு எடுக்கிற நொடியில்தான் அதைக் கழற்றி நல்லதை மாட்டுவேன். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதனால் டிரையல் கேசட்டுக்கு அடையாளமாக, தங்கச்சி கல்யாணத்தில் மிஞ்சிய நெயில் பாலிஷை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். பாட்டு இருக்கிற கேசட் எல்லாம் மச்சானிடம் போய்விடும்.

டி.வி. வந்தது. பாய் போய்ச் சேர்ந்தார். கொட்டகையைப் பூட்டினார்கள். ஐஸ் கம்பெனியும் படுத்துக்கொண்டது. மச்சான் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு குமராட்சிக்கே போய்ப் பயிர் வைத்தார். கிட்டாரை அதற்குப் பிறகு தொட்டதாகத் தெரியவில்லை. அவரும் போய்விட்டார், வருஷம் சில ஆகிறது.

இத்தனை காலம் கழித்து, பாயின் பேத்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கட்டடம் கட்டுகிற படிப்பு முடித்திருக்கிறாளாம். கொட்டகையை இடிக்கப்போகிறார்கள், அதற்குள் அங்கே நடந்த கச்சேரிகளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் சேர்த்துவைக்க வேண்டும் என்றாள். போட்டோக்கள், நோட்டீஸ்கள், கிழிந்த டிரம் தோல் என்று நிறையச் சேர்த்திருந்தாள்.

“எல்லாம் இருக்கு தாத்தா. சத்தம் மட்டும்தான் இல்ல” என்றாள்.

“எங்க மச்சான் வூட்ல பொட்டி நெறைய கெடக்கும்மா. நான் கொண்டாறேன்” என்று வாயை விட்டேன்.

அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்களையெல்லாம் கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. டீயைக் கையில் வாங்கினால் ஆறிப்போகும். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

குமராட்சிக்கு மினி பஸ்ஸில் போய் இறங்கினேன். கேசட் என்று நான் சொன்னதுமே தங்கச்சியின் முகம் மாறிவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள்.

“அது இல்லண்ணே.”

“இல்லன்னா? வெள்ளத்துல போயிடுச்சா?”

“வெள்ளத்துல நனைஞ்சிதான் போச்சி. நனைஞ்சதத் தொடச்சி வெச்சிருக்கலாம். நான்தான்…” என்று நிறுத்திவிட்டு, வயல் பக்கம் கையைக் காட்டினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குருவி இறங்காமல் இருக்க, கேசட் நாடாவை உருவிக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற காரியம். வெயிலில் மின்னும், காற்றில் ரீங்காரம் போடும், குருவி அண்டாது.

“ஊரே கட்டுச்சி. நானும் கட்டுனேன். ஈரப் பொட்டியில பூசணம் பூத்துக் கெடந்துது, இனிமே எங்க பாடப்போவுதுன்னு நெனச்சிட்டேன். அவரு சாயங்காலம் வந்து பாத்தாரு. ஏண்டி இப்படி செஞ்சேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அழுது தீத்திருப்பேன். ஒண்ணும் கேக்கல. அன்னிலேருந்து அறுப்பு வரைக்கும் தெனம் பொழுது சாய வரப்புல போயி நின்னுட்டிருப்பாரு. சாப்புட வாங்கன்னு கூப்டா திரும்பக்கூட மாட்டாரு. கைய இப்படித் தூக்குவாரு, போடின்ற மாதிரி.”

உள்ளங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

“தங்கச்சி, அது கோவம் இல்ல. அது மேடையில அவரு வழக்கமாக் காட்டறது.”

“ஆறுதலுக்குச் சொல்லாதண்ணே. நீ அப்ப இங்க இருந்தியா? அவரு சாவற வரைக்கும் அந்தப் பேச்ச எடுக்கல. எடுக்காமயே போயிட்டாரு.”

தங்கச்சி ஒருநாளும் கொட்டகைக்கு வந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவள் மாமியார் விடவில்லை. பிறகு பிள்ளைகள். அவர் மேடையில் எப்படி நிற்பார், எதற்காகக் கையைத் தூக்குவார் என்று அவளுக்கு நான் எப்படிச் சொல்வேன்? சொன்னேன்தான். வாயால் சொல்லுகிற இரைச்சல் இரைச்சல் மாதிரியா இருக்கிறது? ‘ம்ம்ம்’ என்று நான் செய்துகாட்டியதற்கு அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டாள். “மாடு கத்தற மாதிரி இருக்குண்ணே” என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வருகிறபோதுதான் சிவப்புப் பொட்டு நினைவுக்கு வந்தது. அதை நான் மச்சானிடம் கொடுத்ததே இல்லை. அது என் மைக் செட் பெட்டியில் கிடந்தது. பெட்டியைக் குறிஞ்சிப்பாடியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற ஒருவனுக்கு விற்றிருந்தேன். வீட்டுக்குப் போகாமல் அப்படியே வேறு பஸ் பிடித்தேன். நின்றுகொண்டேதான் போனேன். சீட் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

“வாங்க மாமா! பொட்டியத் திருப்பிக் கேக்க வந்தீங்களா? பூனை குட்டி போட்டிருக்கு அதுல. அதுங்கிட்ட பேசிக்குங்க” என்றான் அவன்.

“பூனைய நீயே வெச்சிக்கடா. உள்ள ஒரு கேசட்டு கெடந்துதே?”

“கேசட்டா? மாமா, என் புள்ள அதப் பாத்துட்டு சோப்பு டப்பாவாப்பான்னு கேக்கறான்.”

பெட்டி கூடத்து மூலையில் இருந்தது. ஒயர் குப்பைக்கு மேல் தாய்ப்பூனை படுத்திருந்தது. கையை விட்டேன், பிறாண்டியது. மறுபடி விட்டேன். “மாமா, ஊசி போடணும், உடுங்க” என்று அவன் கத்துகிறான். அடியில் விரலில் பட்டது. துடைத்துப் பார்த்தால், மங்கிப்போய், ஓரம் உரிந்து, அந்தப் பொட்டு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வர மாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். கூரைத் தகரத்தில் பாதியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மேடை இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. முடி கொட்டிய பழைய ஆட்கள் கொஞ்சம் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பாயின் பேத்தி எல்லோருக்கும் வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் கொடுத்தாள். கேசட்டை வாங்கி, பென்சிலை விட்டு நாடாவை இறுக்கி, ஒரு டேப்பில் போட்டாள்.

அதில் பாட்டு இருக்காது என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

இரைச்சல் வந்தது. ‘ம்ம்ம்’ என்று, அதே இரைச்சல். அதற்கு அடியில் படக் படக் என்று மல்லாட்டை உடைகிறது. நாற்காலியில் இருந்தவர்களும் உடைத்துக்கொண்டிருந்தார்கள். எது அப்போதைய சத்தம், எது இப்போதையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. யாரோ செருமுகிறார்கள். பிறகு பக்கத்தில் நிற்கிற மாதிரி அவர் குரல்.

“பொறு மச்சான், இன்னும் அடங்கல.”

தடதடவென்று ஒருவன் ஓடுகிற சத்தம். நான்தான். எத்தனை வேகமாக ஓடியிருக்கிறேன்! கதவு அடிக்கிறது. இரைச்சல் மட்டும் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது.

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். “அண்ணே, இது நம்ம வயலு சத்தமாச்சே.”

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, குமராட்சியிலேயே.

“காத்து அடிச்சா நாடா இப்படித்தாண்ணே கத்தும். இதே சத்தம்தான். இதக் கேக்கத்தான் நின்னாரா?”

பாயின் பேத்திக்கு நாங்கள் பேசியது கேட்கவில்லை போலிருக்கிறது. முன்னால் நின்றவள் எங்கள் பக்கம் திரும்பி, “வெறும் இரைச்சலா வருது தாத்தா. பாட்டு எங்க ஆரம்பிக்குது? ஓட்டிப் பாக்கட்டுமா?” என்று பட்டன் மேல் விரலை வைத்தாள்.

தங்கச்சி அவளைப் பார்க்கவே இல்லை. மேடை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கையை மட்டும் தோள் உயரத்துக்குத் தூக்கினாள்.

அந்தப் பெண் விரலை எடுத்துவிட்டாள். கொட்டகையில் மல்லாட்டை உடைக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.