நூற்றெண்பதாம் நாள்

பென்சில்வேனியா மலைப்பக்கத்தில், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் அதற்கு ஒரு பாடத்தின் பெயர் வைத்துவிடுவார்கள். ரொட்டி சுட்டால் கணிதம், ஓடையில் தவளை பிடித்தால் அறிவியல். டெல்லா ஹாஃப்னரும் அப்படித்தான். கோடை வந்துவிட்டால் புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டு, பிள்ளைகளோடு காடு மேடு சுற்றியே பாடத்தை முடித்துவிடுவாள். வருடத்துக்கு நூற்றெண்பது நாள் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஜூன் முடிவதற்குள் ஓர் ஆசிரியை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு தொல்லை கிடையாது.

மார்ச்சில் அவள் கணவன் வெண்டல் மரம் அறுக்கும் பட்டறையில் மாரடைப்பு வந்து செத்துப்போனான். அதன்பிறகு டெல்லா ஒரு பாடமும் நடத்தவில்லை. அழவுமில்லை. காலையில் காபி போடுவாள், குடிக்காமல் ஆறவிடுவாள். உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

ஜூன் முப்பதாம் தேதி மிஸஸ் கிரேபில் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கறார்ப் பேர்வழி. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் செப்டம்பரில் பிள்ளைகள் மஞ்சள் பஸ் ஏறி ஊர்ப் பள்ளிக்கூடம் போக வேண்டியதுதான். போகவிடுவதில்லை என்பது அவளும் வெண்டலும் சேர்ந்து எடுத்த முடிவு. அவனோடு சேர்ந்து செய்ததில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தும் அவளுக்குப் பதறவில்லை. ச்சே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிப் பார்த்தாள். அதுவும் உறைக்கவில்லை.

"பதிவேடு எங்கம்மா?" என்றார் மிஸஸ் கிரேபில்.

"மார்ச்சுக்கு அப்புறம் நான் எதுவும் எழுதல."

"நான் எழுதினேன்," என்றாள் பதினொரு வயது மகள் வில்லா. நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

மிஸஸ் கிரேபில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். 'ஏப்ரல் 9. ரொட்டி சுட்டோம். பாதி கருகிவிட்டது. கணிதம்.' 'மே 2. அம்மா பேசவில்லை. தம்பி ஆகி அவளுக்கு அரை மணி நேரம் கதை வாசித்தான். வாசிப்பு.' மறுபடி முன்பக்கங்களுக்குப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். 'மார்ச் 14. அப்பாவைப் புதைத்தோம். கல்விச் சுற்றுலா. கல்லறைக் கற்களில் இருந்த வருடங்களைக் கழித்து ஆகி எல்லோருடைய வயதையும் சொன்னான். அப்பாவுக்கு 39.'

"இத நான் எண்ண மாட்டேன், கண்ணு."

"ஏன்? தம்பி கணக்கு சரியாத்தானே போட்டான்?"

"சரிதான். இருந்தாலும் மாட்டேன்." அவர் விரல் விட்டு எண்ணினார். "அத எடுத்துட்டா நூத்தி எழுபத்தொம்பது. ஒண்ணு குறையுது. இன்னிக்கு ஒரு நாள் இருக்கு. எழுந்திரு டெல்லா, நீ நடத்து. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"என்னால முடியல, மிஸஸ் கிரேபில்."

"முடியுமான்னு நான் கேக்கவே இல்லையே."

ஏழு வயது ஆகி அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "கறுப்பு ராஸ்பெர்ரி பழுத்திருக்கும்மா. கரடி தின்னுட்டுப் போறதுக்குள்ள போலாம் வா."

போனாள். ஓடைக்கரைப் புதரில் மூன்று பேரும் பறித்தார்கள். விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது. வெயில் அடித்தது, அது அவளுக்கு வேறு யார் முதுகிலோ அடிப்பதுபோல் இருந்தது. பாறை மேல் உட்கார்ந்து பழத்தைக் குவியல் குவியலாகப் பிரித்து வைத்தாள். ஆகி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வில்லா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வில்லா நின்றபடியே எழுதி நோட்டைத் தள்ளினாள். மிஸஸ் கிரேபில் படித்தார், கையெழுத்துப் போட்டார், நோட்டை டெல்லா பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

'ஜூன் 30. அம்மா எங்களோடு வந்தாள். நாங்கள் மூன்று பேர். அம்மா பழத்தை நாலு பங்காகப் பிரித்தாள். நாங்கள் திருத்தவில்லை. கணிதம்.'

டெல்லா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கறுத்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, மார்ச்சில் அழாததையெல்லாம் அழுதாள்.